நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்?

புதிய கார் ஒன்று மேடைக்கு வரும்போது பின்னணித் திரையில் பெரிதாக ஒளிரும் எண் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. முதலில் குதிரைத்திறன், பிறகு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மைலேஜ், இப்போது ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது. 2020-இல் டாடாவின் நெக்ஸான் மின்கார் 30.2 யூனிட் பேட்டரியுடன் 312 கி.மீ. ஓடும் என்ற அறிவிப்போடு வந்தது. 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் அறிமுகப்படுத்திய பிஇ 6, 79 யூனிட் பேட்டரியுடன் 680 கி.மீ.க்கு மேல் என்றது. 2025 ஜனவரியில் ஹூண்டாயின் க்ரெட்டா எலெக்ட்ரிக், ஜூனில் டாடாவின் ஹாரியர், ஆகஸ்டில் குஜராத்தின் ஹன்சல்பூரில் உற்பத்தி தொடங்கிய மாருதியின் இ-விட்டாரா, அதே மாதம் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலையின் கார்கள் என்று வரிசை நீள்கிறது. டாடாவின் சியரா மின்வடிவமும், ரெனோ டஸ்டரின் ஹைப்ரிட் வடிவமும் அடுத்து வரவிருப்பவை. (யூனிட் என்று இங்கே சொல்வது மின்கட்டண அட்டையில் பார்க்கும் அதே யூனிட்தான், கார் நிறுவனங்கள் அதைக் கிலோவாட்மணி என்கின்றன.) அந்த நெக்ஸானும் இந்த பிஇ 6-உம் வேறு வேறு அளவுக் கார்கள், ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் பேட்டரி இரண்டரை மடங்குக்கும் மேல் பெருத்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட தூரமோ அந்த அளவுக்கு நீளவில்லை. பேட்டரியைப் பெரிதாக்கித் தூரத்தைக் கூட்டுவது பணம் இருந்தால் முடிகிற காரியம். செலவைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுவதுதான் பொறியியலின் சாதனை. ஆகவே வரப்போகும் எந்தக் காரையும், அது மின்காரோ ஹைப்ரிட்டோ, எடைபோட வேண்டிய எண் நூறு கி.மீ. ஓட அது எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதே.

விளம்பரத்தில் வரும் தூரம் பொய் அல்ல. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சோதனையின் விடை. இந்தியாவில் இதுவரை பின்பற்றப்படும் எம்.ஐ.டி.சி. என்னும் சோதனைமுறையில் காரின் உச்ச வேகம் 90 கி.மீ.தான். ஏசி போடுவதில்லை. வேகம் கூடுவதும் குறைவதும் மிக மென்மையாக நடக்கும். ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. முறையில் வேகம் 130 கி.மீ. வரை போகும்; முடுக்கங்களும் நிஜச் சாலையை ஒத்தவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட மாருதியின் இ-விட்டாராவே போதும். 61 யூனிட் பேட்டரி கொண்ட அதே கார் இங்கே 543 கி.மீ. என்றும், ஐரோப்பாவில் ஏறத்தாழ 425 கி.மீ. என்றும் விற்கப்படுகிறது. முதல் கணக்கில் நூறு கி.மீ.க்கு 11 யூனிட்டுக்குச் சற்று மேல்; இரண்டாவதில் 14 யூனிட்டுக்கு மேல். டாடா நிறுவனம் இந்த விஷயத்தில் பாராட்டத்தக்க ஒரு காரியம் செய்திருக்கிறது. 75 யூனிட் ஹாரியருக்குச் சோதனைக்கூட விடையான 627 கி.மீ.யோடு, வாடிக்கையாளர்களில் நான்கில் மூன்று பேருக்குக் கிடைக்கக்கூடிய தூரம் என்று 480 முதல் 505 வரையிலான எண்ணையும் ‘சி75’ என்ற பெயரில் வெளியிட்டது. அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் நூறு கி.மீ.க்கு 15 யூனிட் சொச்சம் வருகிறது. விளம்பரத் தூரத்தை நம்பியவர் 12 என்றே நினைத்திருப்பார்.

இந்த யூனிட்டுகள் எங்கே போகின்றன? சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் காருக்கு இரண்டே எதிரிகள்: காற்று, டயர். 1,800 கிலோ எடையுள்ள ஒரு நடுத்தர எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். தரையில் உருளும் டயர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் ஆற்றல் நூறு கி.மீ.க்கு ஏறத்தாழ 4.4 யூனிட். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. காற்றின் கதை வேறு. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அதே எஸ்யூவி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றைத் தள்ளச் செலவாவது மூன்றரை யூனிட், 100-இல் பத்து யூனிட்டை நெருங்குகிறது, 120-இல் பதினான்கு. சென்னையிலிருந்து திருச்சிக்கு 120-இல் பறப்பவரின் காரில் டயருக்குப் போவதைப்போல் மூன்று மடங்கு காற்றுக்குப் போகிறது. மோட்டாரிலும் மின்னணுச் சாதனங்களிலும் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். இங்கே பலரும் எதிர்பாராத ஒரு விளைவு இருக்கிறது. பேட்டரியின் எடைதான் மின்காரின் பெரிய சுமை என்று நினைக்கிறோம். ஆனால் நெடுஞ்சாலையில் கூடுதலாக ஒரு 100 கிலோவைச் சுமப்பதற்கு நூறு கி.மீ.க்குக் கால் யூனிட்தான் ஆகிறது. உயர்ந்த நெற்றியும் சதுரமான முதுகும் கொண்ட உடலைத் தாழ்வான செடான் வடிவத்துக்கு மாற்றினால் 100 கி.மீ. வேகத்தில் மூன்று யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். அறிமுகமாகும் மின்கார்களில் மிகப் பெரும்பாலானவை உயரமான எஸ்யூவிகளாகவே இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் கவலை வருகிறது. மோட்டாரும் பேட்டரியும் மிச்சம் பிடித்துக் கொடுப்பதை உடல்வடிவம் காற்றில் விடுகிறது.

நகரத்துக்குள் கணக்கு தலைகீழ். வேகம் குறைவதால் காற்று ஏறக்குறைய மறைந்துபோகிறது, ஏசி தலைதூக்குகிறது. ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்றால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து நூறு கி.மீ. முடிக்க ஐந்து மணிநேரம், அதாவது ஐந்து யூனிட். அதே ஏசி நெடுஞ்சாலையில் நூறு கி.மீ.க்கு ஒரு யூனிட்டோடு முடிந்துவிடும். மே மாத வெயிலில் ரேஞ்ச் சட்டென்று இறங்குவதற்குப் பேட்டரியின் கோளாறு காரணமாக இருப்பது அரிது, நேரம்தான் காரணம். நகரத்தின் இன்னொரு செலவு நின்று நின்று கிளம்புவது. ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 0.058 யூனிட். சாதாரண பெட்ரோல் கார் ஒவ்வொரு சிக்னலிலும் இதை பிரேக் தட்டில் வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. மோட்டார் இருக்கும் கார், அந்த மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, இதில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஹைப்ரிட்டின் சூட்சுமம் முழுக்க இந்தச் சின்ன எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. மாருதியின் க்ராண்ட் விட்டாராவிலும் டொயோட்டாவின் ஹைரைடரிலும் உள்ள ஹைப்ரிட் பேட்டரி வெறும் 0.76 யூனிட், ஹாரியரின் பேட்டரியில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. மேலே சொன்ன 0.058-ஐ வைத்து வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு பதின்மூன்று முறை பிரேக் பிடித்துக் கிடைக்கும் ஆற்றலை அது தாங்கும். அதற்கு மேல் தேவையே இல்லை, ஏனென்றால் அடுத்த சிக்னலுக்குள் அது செலவாகிவிடும். இரண்டாவது நன்மை இன்னும் பெரியது. பெட்ரோல் இன்ஜின் தனக்கு ஏற்ற சுமையில் ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காடு வரை வேலையாக மாற்றும். நெரிசலில் அரை உறக்கத்தில் ஓடும்போது அதில் பாதிகூடத் தேறாது. ஹைப்ரிட்டில் மோட்டார் துணைக்கு இருப்பதால், சுமை குறைந்த நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஓட வேண்டிய நேரத்தில் அதற்குப் பிடித்த சுமையிலேயே ஓட்டலாம். 1882-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் காட்டிய வழியில், அமுக்கும் பயணத்தைவிட விரியும் பயணம் நீளமாக இருக்கும்படி இன்ஜினை அமைத்தால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இந்த இரண்டையும் இணைத்தது. இன்று லிட்டருக்கு 28 கி.மீ. என்ற சோதனை விடையோடு இங்கே விற்கும் கார்கள் அதன் வாரிசுகள்.

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட வண்டிகள் உலவுவதையும் சொல்லியாக வேண்டும். மைல்ட் ஹைப்ரிட் என்பதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை ஓட்டாது, மிச்சமும் சொற்பம். ப்ளக்-இன் ஹைப்ரிட் வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நடுத்தரப் பேட்டரி கொண்டது. காகிதத்தில் அது இரண்டு உலகங்களின் நன்மையும் சேர்ந்தது. ஆனால் ஐரோப்பிய ஆணையம் சாலையில் ஓடும் கார்களின் உட்கணினித் தரவுகளைத் திரட்டி 2024-இல் வெளியிட்ட அறிக்கை, ப்ளக்-இன் கார்களின் நிஜமான கரியமில வாயு வெளியீடு சோதனை விடையைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று காட்டியது. சார்ஜ் ஏற்றிப் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓட்டுவார்கள் என்று சோதனை எண்ணிக்கொள்கிறது. பலர் அப்படி ஓட்டுவதில்லை. பெயரைப் பார்த்து வாங்குவதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இப்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஹாரியரின் முழுப் பேட்டரியும் எட்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சற்று மேல். அதை வைத்துக்கொண்டு அது ஏறத்தாழ 490 கி.மீ. போகிறது என்பது வியக்கத்தக்க சிக்கனம். எந்த ஹைப்ரிட்டும் அதன் அருகில்கூட வர முடியாது. ஆனால் மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2023–24-இல் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.73 கிலோ கரியமில வாயு வெளியானது. மின்நிலையத்திலிருந்து பேட்டரிக்கு வந்து சேர்வதற்குள் கம்பியிலும் சார்ஜரிலும் கால்வாசி வரை வீணாவதாக வைத்துக்கொண்டால், நூறு கி.மீ.க்கு 13 யூனிட் செலவழிக்கும் கார் 12 கிலோவுக்குச் சற்று மேல் வாயுவுக்குப் பொறுப்பாகிறது. 20 யூனிட் செலவழிக்கும் கார் 19 கிலோவுக்கு. நிஜச் சாலையில் லிட்டருக்கு 20 கி.மீ. தரும் ஹைப்ரிட், நூறு கி.மீ.க்கு ஐந்து லிட்டர் எரித்து 11.5 கிலோ வெளியிடும். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் 14 கிலோ. ஆக, இன்றைய நிலையில் எல்லைக்கோடு 15 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது. அதற்குக் கீழே செலவழிக்கும் மின்கார் நல்ல ஹைப்ரிட்டை வெல்கிறது. அதற்கு மேலே போனால் சிறிய ஹைப்ரிட்டிடம் தோற்கிறது.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. பெரிய மின்காரைச் சிறிய ஹைப்ரிட்டோடு ஒப்பிடுவது நியாயமா? இல்லை. ஏழு பேரைச் சுமக்கும் ஹைப்ரிட் நிஜத்தில் 15, 16 கி.மீ.தான் தரும், அதன் கணக்கும் 18 கிலோவுக்குப் போய்விடும். லிட்டருக்குப் பத்து கி.மீ. தரும் சாதாரணப் பெட்ரோல் எஸ்யூவி 27 கிலோவைத் தாண்டும். எனவே பெட்ரோல் எஸ்யூவியிலிருந்து அதே அளவு மின்காருக்கு மாறுபவர் எப்படியும் நன்மையே செய்கிறார். தூய்மையான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால் இந்தியாவில் மின்கார் பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 விழுக்காடு குறைவாக மாசு தரும் என்றது. ஐரோப்பாவில் இது மூன்றில் இரண்டு பங்கு. நம் மின்சாரம் கரி படிந்தது என்பதால்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது. இடைவெளி குறுகும்போது ஒவ்வொரு யூனிட்டும் முக்கியமாகிறது. இரண்டாவது மறுப்பு காலம் பற்றியது: கார் பதினைந்து ஆண்டுகள் ஓடும், அதற்குள் மின்சாரம் தூய்மையாகிவிடும், ஹைப்ரிட்டோ வாங்கிய நாளின் புகையையே கடைசிவரை கக்கும். இது முற்றிலும் உண்மை. மின்காரின் பக்கம் சாய்வதற்கு இதுவே தலையாய காரணம். இந்தியாவின் நிறுவு திறனில் பாதி 2025-இலேயே புதைபடிவம் சாராத மூலங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. இரவில் சார்ஜ் ஏறும் காருக்குச் சூரிய மின்சாரம் கிடைக்காது. பகலில் அலுவலக வாசலில் நிற்கும் கார்களுக்கு அங்கேயே சார்ஜ் வசதி கிடைத்தால், நான் மேலே போட்ட கணக்கு மின்காருக்குச் சாதகமாகப் பெருமளவு மாறும். அதுவரை செலவாளிக் காருக்கு எதிர்கால மின்சாரத்தைச் சாக்காகக் காட்டக் கூடாது.

மின்சாரம் மலிவு, இரண்டு யூனிட் கூடினால் என்ன என்பார்கள் சிலர். வீட்டு மின்கட்டணத்தில் அது பெரிய தொகை இல்லைதான். ஆனால் யூனிட் கணக்கு பணத்தோடு நிற்பதில்லை. அது நேரமாகவும் மாறுகிறது. நெடுஞ்சாலையில் 60 கிலோவாட் சார்ஜரில் அரைமணி நேரம் நின்றால் 13 யூனிட் கார் 230 கி.மீ.க்கான மின்சாரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும். 20 யூனிட் கார் 150 கி.மீ.க்கே வாங்கும். சார்ஜரின் வேகத்தைக் கூட்ட அரசும் நிறுவனங்களும் கோடிகளைக் கொட்டுகின்றன. காரின் செலவைக் குறைத்தால் அதே பலன் எந்தச் சார்ஜரையும் மாற்றாமல் கிடைக்கிறது. வழியில் நின்றுவிடுவோமோ என்ற அச்சம் பற்றியும் இதையே சொல்வேன். அந்த அச்சம் வீணானது அல்ல. சார்ஜர் பழுதாகி நிற்கும் ஊர்களில் பெரிய பேட்டரி உண்மையான பாதுகாப்பு. ஆனால் 80 யூனிட்டில் 20 செலவழிக்கும் காரும், 52 யூனிட்டில் 13 செலவழிக்கும் காரும் ஒரே 400 கி.மீ.தான் போகின்றன. பின்னது பல லட்சம் ரூபாய் மலிவாக இருக்கும். அதோடு, பேட்டரி தயாரிப்பில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. 28 யூனிட் மிச்சம் என்றால் குறைந்தது ஒன்றரை டன். எழுநூறு லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரிக்காமல் விட்டதற்குச் சமம்.

இந்தச் சிக்கனம் ஆய்வகக் கனவு அல்ல. 2022 ஏப்ரலில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் விஷன் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற சோதனைக் கார் ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து பிரான்சின் கசீஸ் வரை ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஒரே சார்ஜில் ஓடியது. அதன் பேட்டரி நூறு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. செலவு நூறு கி.மீ.க்கு 8.7 யூனிட். தாழ்ந்து நீண்ட உடல், குறுகிய டயர், வெப்ப இழப்பு குறைந்த மோட்டார் ஆகியவை அதைச் சாதித்தன. மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடங்கள் அதே நிறுவனத்தின் சிஎல்ஏ மின்காரில் விற்பனைக்கே வந்துவிட்டன. அது ஐரோப்பியச் சோதனையில் 12 யூனிட் சொச்சத்தில் நூறு கி.மீ. முடிக்கிறது. அது விலையுயர்ந்த கார் என்பது உண்மை. ஆனால் அதன் சிக்கனத்துக்கான முதல் காரணமான உடல்வடிவத்துக்குக் கூடுதல் உலோகமோ அரிய தாதுவோ வேண்டியதில்லை. நம் மேடுபள்ளச் சாலைக்கு உயரமான வண்டிதான் சரி என்ற வாதமும் பாதிதான் சரி. தரையிலிருந்து வயிறு எழும்ப வேண்டும் என்பதற்காகக் கூரையும் எழும்ப வேண்டியதில்லை.

சந்தை தானாக இதைச் செய்யாது, ஏனென்றால் நம் வரி விதிகளில் யூனிட்டுக்கு மதிப்பே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் மின்காருக்கு ஐந்து விழுக்காடுதான் வரி. அது 12 யூனிட் செலவழித்தாலும் 22 செலவழித்தாலும் ஒன்றே. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிட்டுக்கு நாற்பது விழுக்காடு. இருமடங்கு பெட்ரோல் குடிக்கும் அதே நீளமுள்ள எஸ்யூவிக்கும் அதே நாற்பது. மின்காருக்குச் சலுகை தருவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சலுகை செலவைப் பொறுத்துப் படிப்படியாக அமைய வேண்டும். ஹைப்ரிட்டும் தான் மிச்சம் பிடிக்கும் அளவுக்கு அதில் இடம்பெற வேண்டும். அதற்கு முன் செலவு எவ்வளவு என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து ஒவ்வொரு மின்காரின் கண்ணாடியிலும் நூறு மைலுக்கு எத்தனை யூனிட் என்று ஒட்டியே விற்கிறார்கள். இங்கே இருபதாயிரம் ரூபாய் குளிர்சாதனப் பெட்டியில்கூட ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற நட்சத்திர அட்டை ஒட்டியிருக்கிறது. இருபது லட்சம் ரூபாய் காரிலும் அப்படி ஒன்று கட்டாயமாக வேண்டும். அது வரும்வரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். ஷோரூமில் ரேஞ்ச் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏசி போட்டு நூறு கி.மீ. வேகத்தில் ஓட்டினால் நூறு கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் சோதனை ஓட்டத்தில் திரையைப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மின்கார்களின் திரையில் அந்த எண் இருக்கிறது.